எண்ணப்படாத உறைவு: சிக்கிள் செல் நோயாளியின் உடலும் மருத்துவமனையின் பதிவேடும்

சிக்கிள் செல் நோயைப் பொறுத்தவரை இந்திய அரசிடம் இன்று எண்ணிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிவைக்கப்பட்ட தேசிய சிக்கிள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம், 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக அறிவித்தது. எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், அவர்களுள் மரபணுவைச் சுமப்பவர் எத்தனை பேர், நோயாளிகள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு அட்டை வழங்கப்பட்டது என்பன பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. ஆனால், நோயாளி என்று அட்டை பெற்றவருக்கு அதன்பின் மருத்துவமனைக் கட்டிலில் என்ன நேர்ந்தது என்னும் கேள்விக்கு அந்த எண்களில் விடை இல்லை.

விடை இல்லாத அத்தகைய இடங்களுள் ஒன்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். கழுத்திலோ கையிலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய சிரைக்குள் செலுத்தப்படும் குழாயைச் சுற்றி இரத்தம் உறைந்துபோவது பற்றியது அது. மருத்துவமனையில் 'சென்ட்ரல் லைன்' என்றும் 'கதீட்டர்' என்றும் சொல்லப்படும் அந்தக் குழாயால் சிக்கிள் செல் நோயாளிகளுக்கு ஏற்படும் உறைவு, பெரும்பாலும் அதன் பெயரால் எழுதப்படுவதில்லை. மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய நுட்பச் செய்தி என்று இது தோன்றலாம். எனினும், ஒரு நோயாளி பெறும் சிகிச்சை, அவர் கோரக்கூடிய இழப்பீடு, அவருடைய மாற்றுத்திறன் சான்று, அவரைப் போன்றோருக்காக வகுக்கப்படும் கொள்கை ஆகிய நான்கும் கேஸ் ஷீட்டின் அந்த ஒற்றை வரியைச் சார்ந்தே நிற்கின்றன. எனவே, அந்த வரி எழுதப்பட வேண்டும் என்று கேட்பது உரிமைக் கோரிக்கையே என்பது நம் வாதம்.

இந்நோய் யாரிடம் இருக்கிறது

1910ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாவிலிருந்து வந்து பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பின மாணவரின் இரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்களைக் கண்டதாக எழுதினார். இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறின் மாற்றமே இதற்குக் காரணம் என்று 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் நிறுவினர். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர் மரபணுவைச் சுமப்பவராக இருப்பார். அவருக்குப் பெரும்பாலும் துன்பம் இராது. இருவரிடமிருந்தும் பெற்றவர் நோயாளி ஆகிறார். உயிர்க்காற்று குறையும்போது அவருடைய சிவப்பணுக்கள் விறைத்து வளைந்து, நுண்குழாய்களில் சிக்கி அடைக்கின்றன. கடும் வலி, இரத்தசோகை, நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றின் சிதைவு என்று நோய் விரிகிறது.

இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலாக 1952இல் நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டிருந்த தொழிலாளர்களிடமும் அது பதிவாயிற்று. இன்று குஜராத்திலிருந்து மத்திய இந்தியா வழியாக ஒடிசா வரையிலும், தெற்கே வயநாடு, அட்டப்பாடி, நீலகிரி ஆகிய பகுதிகளிலும் இந்நோய் அறியப்பட்டுள்ளது. இதைப் பழங்குடியினரின் நோய் என்று மட்டுமே பேசும் வழக்கம் ஒரு பெரும் மக்கள்திரளை மறைத்துவிடுகிறது. விதர்பாவில் மகார் சமூகத்தவரிடமும், அவர்களுள் பௌத்தம் தழுவியோரிடமும் இம்மரபணு கணிசமாக இருப்பதை நாக்பூர் சார்ந்த ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் பட்டியல் சாதியினரும் பிற்படுத்தப்பட்டோரும் இந்நோயைச் சுமக்கின்றனர்.

மரபணு சாதி பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மலேரியா மிகுந்த நிலங்களில் இம்மரபணுவை ஒருபடியாகச் சுமந்தவர்கள் அக்காய்ச்சலிலிருந்து ஓரளவு காக்கப்பட்டனர். அதனால் அது நிலைத்தது. அதைக் குறிப்பிட்ட குழுக்களுக்குள்ளேயே அடைத்துவைத்தது அகமணம். சாதியைக் கட்டிக்காக்கும் முறையே அகமணம்தான் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் விளக்கினார். ஆகவே, 'இன்ன சாதியின் நோய்' என்ற சொல்லாட்சி அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

இன்னொரு படிப்பினையும் இவ்வரலாற்றில் உண்டு. இந்தியாவில் காணப்படும் மரபுப் பின்னணியில் இந்நோய் மிதமானது என்ற கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. நாக்பூர் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தபோதுதான், கடும் நோயும் இங்கே உண்டு என்பது தெளிவாயிற்று. எண்ணப்படாத துன்பம் மிதமான துன்பமாகக் கொள்ளப்படும் என்பதற்கு இதுவே சான்று.

குழாய் எதற்கு, உறைவு ஏன்

சிக்கிள் செல் நோயாளி சிறு வயதிலிருந்தே ஊசிகளுக்குப் பழகியவர். வலி வரும்போதெல்லாம் திரவம் ஏற்ற வேண்டும். இரத்தம் எடுக்க வேண்டும். இரத்தம் ஏற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் குத்தப்பட்ட கைகளில் ஊசி ஏற்றச் சிரை கிடைப்பது அரிதாகிவிடும். பக்கவாதமோ நுரையீரல் நெருக்கடியோ நேரும்போது, அவருடைய இரத்தத்தின் ஒரு பகுதியை வெளியேற்றி வேறு இரத்தம் ஏற்றும் 'மாற்று இரத்தமேற்றல்' தேவைப்படுகிறது. அதற்கு வேகமான இரத்த ஓட்டம் உள்ள பெரிய சிரை வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு டயாலிசிஸ் செய்யவும் பெரிய குழாய் வேண்டும். ஆகவே கழுத்திலோ தொடை இடுக்கிலோ குழாய் செலுத்தப்படுகிறது. மேற்கையிலிருந்து இதயத்தருகே வரை செல்லும் 'பிக் லைன்' என்னும் நீண்ட குழாயும், தோலுக்கடியில் புதைக்கப்படும் 'போர்ட்' என்னும் கருவியும் வேறு வகைகள்.

இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் ருடால்ஃப் விர்க்கோவின் பெயரால் படிக்கிறார்கள்: ஓட்டம் தளர்வது, குழாய்ச்சுவர் புண்படுவது, இரத்தமே உறையும் இயல்பை மிகுதியாகப் பெறுவது. வறுமையும் உரிமையின்மையும் நோயை வளர்க்கின்றன என்று 1848இல் மேல் சைலீசியாவின் டைஃபஸ் கொள்ளைநோயை ஆராய்ந்து எழுதியவரும் அதே விர்க்கோதான். சிரைக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் முதல் இரண்டு காரணங்களையும் உண்டாக்குகிறது. மூன்றாவது காரணம் சிக்கிள் செல் நோயாளியிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிதைந்த சிவப்பணுக்களின் மேற்பரப்பு உறைதலைத் தூண்டுகிறது. அவற்றிலிருந்து கசியும் ஹீமோகுளோபின், குழாய்களைத் தளர்த்திவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. இப்படி, குழாய் மிகுதியாகத் தேவைப்படுபவருக்கே குழாயால் வரும் ஆபத்தும் மிகுதி என்னும் நிலை உருவாகிறது.

உறைவு ஏற்பட்டால் கை வீங்கும். தோளும் கழுத்தும் வலிக்கும். சிலருக்கு அறிகுறி எதுவும் இராது. உறைந்த துண்டு நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கு ஆபத்து. பிழைத்தவருக்கும் அந்தச் சிரை நிரந்தரமாக அடைபடலாம்; அடுத்த நெருக்கடியின்போது உயிர்காக்கும் வழி ஒன்று குறைந்துவிடும். உறைவு என்று உறுதியானால் வழக்கமாகக் குறைந்தது மூன்று மாதங்கள் உறைதடுப்பு மருந்து தரப்படுகிறது. உறைவு என்று எழுதப்படாதவர் அந்த மருந்தின்றி வீடு திரும்புகிறார்.

உறைவு மறையும் இடங்கள்

உறைவு பதிவேட்டிலிருந்து ஒரே இடத்தில் தொலைந்துபோவதில்லை. கட்டிலிலிருந்து இறப்புச் சான்று வரை, படிப்படியாகக் கைநழுவுகிறது.

முதல் இடம் வலி. சிக்கிள் செல் நோயாளி 'கை வலிக்கிறது' என்று சொன்னால், அது அவருடைய வழக்கமான வலி நெருக்கடி என்றே கொள்ளப்படும் வாய்ப்பு அதிகம். மார்பு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால் 'அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்' எனப்படும் நுரையீரல் நெருக்கடி என்று முடிவாகும். அப்படி முடிவான நிகழ்வுகளை ஸ்கேன் செய்து பார்த்த பிரெஞ்சு மருத்துவர்கள், அவற்றுள் 17 விழுக்காட்டில் நுரையீரல் தமனியில் உறைவு இருந்ததை 2011இல் வெளியிட்டனர். தேடியதால் கண்டார்கள். சேரியிலிருந்தோ மலையிலிருந்தோ வந்தவர் வலியை மிகைப்படுத்துகிறார் என்ற முன்முடிவும் சேர்ந்துகொண்டால், தேடும் எண்ணமே எழாது.

இரண்டாவது இடம் பரிசோதனை. டி-டைமர் என்னும் இரத்தப் பரிசோதனை பொதுவாக உறைவு இல்லை என்று ஒதுக்க உதவும். சிக்கிள் செல் நோயாளியிடம் அதன் அளவு சாதாரண நாளிலேயே உயர்ந்திருப்பதால் பயன் குறைவு. சிரையை அழுத்திப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்தான் முதல் சான்று. ஸ்கேன் கருவியோ அதை இயக்குபவரோ இல்லாத மருத்துவமனையில், வீங்கிய கை 'வீக்கம்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது இடம் கேஸ் ஷீட். 'லைன் வேலை செய்யவில்லை, அகற்றப்பட்டது' என்று செவிலியர் குறிப்பில் ஒரு வரி இருக்கும். ஏன் வேலை செய்யவில்லை என்பது இராது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரியும் இடம்பெறாமல் போகும்.

நான்காவது இடம் குறியீடு. மருத்துவமனைப் பதிவுகள் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்னும் நோய்க் குறியீட்டு முறைக்கு மாற்றப்படுகின்றன. அதில் காலின் ஆழ்சிரை அழற்சிக்கும் உறைவுக்கும் ஐ80.2 என்ற தனிக் குறியீடு உண்டு. கை, தோள், கழுத்து ஆகியவற்றின் சிரைகளுக்கு அப்படித் தனி இடம் கிடையாது. 'பிற' என்னும் பொதுப்பெட்டிக்குள் அவை போய்ச் சேரும். கருவியால் வந்த சிக்கலுக்கு வேறொரு அத்தியாயத்தில் வேறொரு குறியீடு உண்டு. அதைச் சேர்த்து எழுதினால்தான் உறைவுக்கும் குழாய்க்கும் உள்ள தொடர்பு தெரியும். அமெரிக்காவில் பயன்படும் திருத்தப் பதிப்பில் கை, அக்குள், காறை எலும்புக்கடி, கழுத்து ஆகிய சிரைகளின் உறைவுக்குத் தனித்தனிக் குறியீடுகள் பின்னர் சேர்க்கப்பட்டன. நம் மருத்துவமனையில், 'நெருக்கடியுடன் கூடிய சிக்கிள் செல் சோகை' என்ற ஒரே குறியீட்டோடு வேலை முடிந்துவிடலாம்.

ஐந்தாவது இடம் இறப்பு. மருத்துவமனையில் நேரும் மரணத்துக்குப் படிவம் 4இல் காரணம் எழுதப்பட வேண்டும். உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அதற்கும் அடிப்படையான காரணம் என்று படிப்படியாக எழுதுமாறு அப்படிவம் கேட்கிறது. ஒருவர் குழாய் உறைவால் இறந்தால், 'நுரையீரல் தமனி அடைப்பு. கழுத்துச் சிரையின் குழாய் சார்ந்த உறைவு. சிக்கிள் செல் நோய்' என்று மூன்று வரிகள் வர வேண்டும். 'இதயமும் மூச்சும் நின்றன' என்று எழுதுவது காரணமே ஆகாது. அது இறந்த விதம் மட்டுமே. 2020இல் நாட்டில் பதிவான இறப்புகளுள் மருத்துவக் காரணச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடுதான். அந்தச் சிறு பகுதியிலும் சங்கிலி முழுமையாக எழுதப்படாவிட்டால், மரணத்துக்குப் பின்னும் உறைவு மறைந்தே கிடக்கும்.

எண்ணியவர்கள் கண்டது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சிக்கிள் செல் நோயுள்ள 404 பெரியவர்களின் ஆவணங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு நம் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. அவர்களுள் 25 விழுக்காட்டினருக்குச் சிரை உறைவு ஏற்பட்ட வரலாறு இருந்தது. உறைவு கண்டறியப்பட்ட இடைநிலை வயது ஏறத்தாழ 30. பொதுவாக முதுமையில் அஞ்சப்படும் சிக்கல், இவர்களை இளமையிலேயே பிடித்திருக்கிறது. குழாயோடு தொடர்பற்ற உறைவு 18.8 விழுக்காட்டினரிடம் இருந்தது. அதாவது, உறைவு கண்டவர்களுள் ஏறத்தாழக் கால் பங்கினருக்கு வந்தது குழாய் சார்ந்த உறைவு மட்டுமே. குழாய் சார்ந்தது, சாராதது என்று அங்கே பிரித்து எழுதப்பட்டிருந்ததால்தான் இந்தக் கணக்கைப் போட முடிந்தது. பால்டிமோரின் எண்ணை அப்படியே பாலக்காட்டுக்கோ பண்டாராவுக்கோ பொருத்த முடியாது. அங்கு பயன்படும் குழாய்களும் சிகிச்சை முறைகளும் வேறு. நமக்கு வேண்டியது நம் எண்.

இதற்கான முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. அதே குழாயால் இரத்தத்தில் தொற்று ஏற்பட்டால், பல பெரிய மருத்துவமனைகள் அதைத் தனியாக எண்ணுகின்றன. டெல்லி எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தும் கண்காணிப்பு வலையமைப்பு, ஆயிரம் 'குழாய் நாட்களுக்கு' எத்தனை தொற்றுகள் என்று கணக்கிடுகிறது. பத்து நோயாளிகளுக்கு ஐந்து நாள் வீதம் குழாய் இருந்தால் அது ஐம்பது குழாய் நாட்கள். தொற்றுக்காக ஏற்கெனவே எண்ணப்படும் இந்த நாட்களை உறைவுக்கும் பயன்படுத்தலாம். புதிதாகச் சேர்க்க வேண்டியது ஒரு கட்டம் மட்டுமே.

என்னென்ன எழுதப்பட வேண்டும்

கணக்கு நேர்மையாக இருக்க, எது கணக்கில் சேரும் என்பது முதலில் வரையறுக்கப்பட வேண்டும். குழாயின் உட்புறம் அடைபட்டு மருந்து இறங்காமல் போவது வேறு; குழாய் கிடக்கும் சிரையே உறைந்துபோவது வேறு. கையில் போடும் சாதாரண ஊசிக்குழாயால் தோலடிச் சிரை தடித்துச் சிவப்பதும் வேறு. இவற்றை ஒன்றாகக் கலந்தால் எண் பெருகும், பொருள் இராது. ஸ்கேனால் உறுதியான, குழாய் சென்ற பாதையிலேயே அமைந்த ஆழ்சிரை உறைவு ஒரு வகையாக எழுதப்பட வேண்டும். அறிகுறியோடு வந்ததா, வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிந்ததா என்பதும் பிரித்துக் குறிக்கப்பட வேண்டும். ஐயம் எழுந்தும் ஸ்கேன் வசதி இல்லாத நிலையில் 'ஐயத்துக்குரியது, உறுதி செய்ய வசதியில்லை' என்று எழுதுவதே நேர்மை. வசதியின்மையும் அவ்வாறு எண்ணத்தக்க தரவாகும்.

ஒவ்வொரு நிகழ்விலும் இன்னும் சில செய்திகள் வேண்டும். நோயாளிக்குள்ள சிக்கிள் செல் நோயின் வகை, குழாயின் வகையும் அளவும், எந்தச் சிரை, எந்தப் பக்கம், எதற்காகப் போடப்பட்டது, போட்ட நாள், எடுத்த நாள், உறைவு கண்ட நாள், அளிக்கப்பட்ட மருந்து, அதன் பின்விளைவு. குழாயின் அளவு வெற்றுத் தகவலன்று. சிரையின் விட்டத்தில் 45 விழுக்காட்டுக்கு மேல் குழாய் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று செவிலியர்களுக்கான பன்னாட்டு நெறிமுறைகள் அறிவுறுத்துகின்றன. அளவு எழுதப்பட்டிருந்தால்தான் அந்நெறி பின்பற்றப்பட்டதா என்று பின்னர் கேட்க முடியும்.

சட்டம் தரும் பிடிகள்

மருத்துவப் பதிவு மருத்துவமனையின் கருணையால் கிடைப்பதன்று. இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொழில் நெறி விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்கள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்கப்பட வேண்டும். 2023இல் வெளியான புதிய விதிமுறைகள் நிறுத்திவைக்கப்பட்டுவிட்டதால் 2002 விதிகளே நடைமுறையில் உள்ளன. டிஸ்சார்ஜ் சம்மரியோடு மனநிறைவு கொள்ளாமல், செவிலியர் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, குழாய் போடும்முன் பெறப்பட்ட ஒப்புதல் படிவம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்றாண்டுகள் கடந்தபின் கேட்டால், இல்லை என்ற பதிலே கிடைக்கக்கூடும்.

ஒப்புதல் என்பது கையொப்பமோ கைநாட்டோ மட்டுமன்று. சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிப் பெறப்பட்டதே செல்லுபடியாகும் ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியது. உறைவு ஆபத்தை நோயாளிக்கு விளக்க வேண்டுமானால் மருத்துவமனைக்கே அதன் அளவு தெரிந்திருக்க வேண்டும். எண்ணாதவரால் விளக்க இயலாது.

குழாய் ஒரு மருத்துவக் கருவி. கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்ட 2015 முதல் இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் கருவிக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. மருத்துவர், செவிலியர் மட்டுமன்றி நோயாளியும் அதற்குரிய படிவத்தில் தீங்கைத் தெரிவிக்கலாம். இந்த வழியை நம் இயக்கங்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிக்கிள் செல் நோயை அட்டவணையில் சேர்த்துள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று பெற்றால், உயர்கல்வியில் 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் பயன் கிடைக்கும். ஆனால், அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கும் 34ஆவது பிரிவு இரத்த நோய்களை உள்ளடக்கவில்லை. இந்த அநீதி தனியே எதிர்க்கப்பட வேண்டியது. கல்வி ஒதுக்கீட்டைப் பெறுவதற்கும், நோயின் சிக்கல்கள் எழுத்தில் இருந்தால்தான் மதிப்பீட்டுக் குழுவின்முன் வைக்க முடியும். உறைவுக்குப் பின் நிலைத்துவிட்ட கைவீக்கம் ஒரு கூலித் தொழிலாளியின் வாழ்வாதாரத்தையே குலைத்தாலும், எழுதப்படாத உறைவுக்கு எந்தக் குழுவும் மதிப்பளிக்காது.

இழப்பீட்டில் இன்னொரு தடை உண்டு. வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. எனினும், அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அதற்கு வெளியே நிறுத்தியது. இலவச அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கும் தலித், பழங்குடி நோயாளிக்கு எளிய நுகர்வோர் மன்றத்தின் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அவர் உரிமையியல் வழக்கையோ உயர் நீதிமன்ற ரிட் மனுவையோ நாட வேண்டும். அரசு மருத்துவமனைகள் உரிய நேரத்தில் சிகிச்சை தரத் தவறுவது அரசமைப்பின் 21ஆவது கூறை மீறுவதாகும் என்று 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. அந்த வழியில் செல்வோருக்கு ஆவணமே முதல் ஆயுதம்.

இறப்பு நேர்ந்த குடும்பங்களுக்கும் ஓர் உரிமை உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், மருத்துவமனைகள் இறப்பின் காரணச் சான்றைக் கட்டணமின்றி எழுதி, அதன் படி ஒன்றை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்கிறது. அந்தப் படியைக் கேட்டு வாங்குங்கள், வரிகளைப் படியுங்கள்.

இரண்டு அச்சங்கள்

எழுதினால் வழக்கு வரும் என்று மருத்துவர்கள் அஞ்சலாம். உறைவு என்பது சிறந்த சிகிச்சையிலும் நேரக்கூடிய சிக்கல். சிகிச்சை பயனளிக்கவில்லை என்பதோ தீங்கு நேர்ந்தது என்பதோ மட்டும் கவனக்குறைவு ஆகாது என்பதை ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உரிய நேரத்தில் கண்டறிந்து எழுதி மருந்தளித்த மருத்துவருக்கு அந்தப் பதிவே காவல். ஆளின்மையோடும் இரவுப் பணியோடும் போராடும் செவிலியரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று; ஸ்கேன் கருவியும் பணியாளரும் தராத அரசைப் பொறுப்பாக்குவதே நோக்கம்.

இரண்டாவது அச்சம் நம்முடையது, அது நியாயமானதும்கூட. பதிவு என்பது கண்காணிப்பாக மாறக்கூடும். 1971இல் அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகள் கறுப்பின மக்களிடையே சிக்கிள் செல் பரிசோதனை இயக்கத்தை நடத்தினர். 1972இல் அந்நாட்டு அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில்தான் அவர்களின் பெயரைத் தழுவிப் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினர். ஆனால், அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பாதுகாப்பின்றிக் கட்டாயமாக்கப்பட்ட பரிசோதனை, வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாட்டுக்கு வழிவகுத்தது. மரபணுவை வெறுமனே சுமப்பவர்களைக்கூட அந்நாட்டு விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை சேர்க்கவில்லை. நம் நாட்டில் மரபணு அட்டை திருமணச் சந்தையில் முத்திரையாக மாறும் ஆபத்து கண்முன் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகக் கொண்டு கூடுதல் காப்பு எதுவும் தரவில்லை.

ஆகவே இரண்டு பதிவுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் கேஸ் ஷீட் அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் உரியது. மாவட்ட, மாநில அளவில் வெளியிடப்பட வேண்டியது பெயரும் சாதியும் ஊரும் நீக்கிய தொகை எண் மட்டுமே. மக்களை எண்ணுவதில் காட்டும் ஊக்கத்தை, மருத்துவமனைகளின் செயலை எண்ணுவதில் அரசு காட்டட்டும் என்பதே நம் கோரிக்கை.

நாம் செய்யக்கூடியவை

சட்டம், மருத்துவம், செவிலியம், சமூகப்பணி பயிலும் மாணவர்களுக்கு இதில் உடனடி வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிடமும் மருத்துவக் கல்லூரிகளிடமும் கேட்கலாம்: கடந்த மூன்றாண்டுகளில் சிக்கிள் செல் நோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் சென்ட்ரல் லைன் போடப்பட்டவர் எத்தனை பேர்? குழாய் சார்ந்த உறைவு என்று பதிவானவை எத்தனை? டாப்ளர் ஸ்கேன் இரவிலும் கிடைக்கிறதா? பெயர்களைக் கேட்காமல் தொகையை மட்டும் கேட்டால், தனியுரிமையைக் காட்டி மறுக்க இடமிராது. 'அத்தகைய பதிவு பராமரிக்கப்படவில்லை' என்ற பதில் வந்தால், அதையே கோரிக்கை மனுவின் முதல் ஆவணமாக இணைக்கலாம்.

நோயாளிகளோடும் குடும்பங்களோடும் பணியாற்றுவோர் மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கலாம். குழாய் போடும்போது, 'எதற்காக, எத்தனை நாளுக்கு?' கை வீங்கினால், 'ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா?' வீடு திரும்பும்போது, 'குழாய் போட்டதையும் அதனால் நேர்ந்ததையும் எழுதினீர்களா?' மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

அரசிடம் வைக்கவேண்டிய கோரிக்கை சுருக்கமானது. ஒழிப்பு இயக்கத்தின் தரவுத்தளத்தில் பரிசோதனை எண்களோடு சிக்கல்களின் எண்களும் சேர வேண்டும். குழாய் சார்ந்த உறைவு அவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். பழங்குடியினரோடு பட்டியல் சாதி நோயாளிகளும் அதன் வரம்புக்குள் வர வேண்டும். 2047க்குள் நோயைத் துடைத்தெறிவோம் என்று சொல்லும் அரசு, இன்று கட்டிலில் படுத்திருப்பவரின் வீங்கிய கை ஏன் வீங்கியது என்பதை முதலில் எழுதட்டும்.